கோடிங் இல்லாத ஆல்கோ: பேக்டெஸ்டில் லாபம், நேரடியில் தொடர் ஸ்டாப்லாஸ்

ஈரோடு_கணக்கர்
நண்பர்களே, வணக்கம். ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். 9:15-லிருந்து 3:30 வரை சார்ட் பார்த்துக்கொண்டு உட்கார வழியில்லை. அதனால் நிபந்தனைகளைத் தேர்ந்தெடுத்து அடுக்கினாலே ஆல்கோ (தானாக வாங்கி விற்கும் நிரல்) தயாராகும் ஒரு தளத்தில் அமைத்தேன்.

5 நிமிட சார்ட், அதாவது 5 நிமிட விலை நகர்வு ஒரு கேண்டில். 20 இஎம்ஏ (அண்மை விலைக்கு அதிக எடை தரும் 20 கேண்டில் சராசரி), 50 இஎம்ஏவுக்கு மேல் இருக்க வேண்டும், ஆர்எஸ்ஐ (விலை நகர்வின் வேகத்தை 0 முதல் 100 வரை காட்டும் அளவீடு) 60-க்கு மேல் இருக்க வேண்டும், வாங்கு. ஸ்டாப்லாஸ் (நஷ்டத்தை நிறுத்த விற்கும் அளவு) 0.5%, டார்கெட் (லாபத்தில் விற்கும் அளவு) 1%. நிஃப்டி 50 பங்குகள் அத்தனையிலும் ஓடுகிறது. பேக்டெஸ்ட் (பழைய விலைகளில் ஓட்டிப் பார்க்கும் சோதனை) அருமையாக இருந்தது. நேரடியில் ஒரே பங்கை ஒரே காலையில் திரும்பத் திரும்ப வாங்கி ஸ்டாப்லாஸில் வெளியேறுகிறது. தவறு தளத்திலா, என் விதியிலா? செபி (பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பு) விதிப்படி இதை நான் பதிவு செய்ய வேண்டுமா?

மூன்றரை_மணி
விதியில்தான். "மேல் இருந்தால்" என்பது ஒரு நிலை. "மேலே கடந்தால்" என்பது ஒரு நிகழ்வு. ஸ்டாப்லாஸ் அடித்து வெளியே வந்த பிறகும் 20 இஎம்ஏ மேலேயேதான் இருக்கும், ஆர்எஸ்ஐ 62-ல் நிற்கும். அடுத்த கேண்டில் முடிந்ததும் ஆல்கோ மறுபடி வாங்கும். நீங்கள் சொன்னதைத்தான் அது செய்கிறது. ஸ்ட்ரீக் போன்ற தளங்களில் இரண்டுக்கும் தனித்தனித் தேர்வு உண்டு. ஆர்எஸ்ஐயை "60-ஐ மேலே கடந்தால்" என்று மாற்றுங்கள், இஎம்ஏ நிபந்தனை நிலையாகவே இருக்கட்டும். இரண்டையும் கடப்பதாக வைத்தால் இரண்டும் ஒரே கேண்டிலில் நடக்க வேண்டும்; சிக்னலே அபூர்வமாகிவிடும்.

பேக்டெஸ்டில் ஒரு நாளைக்கு எத்தனை என்ட்ரி என்று வைத்தீர்களோ, நேரடியிலும் அதே எண்ணிக்கை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் செலவு. 1 லட்சம் ரூபாய்க்கு வாங்கி அன்றே விற்றால், ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கும் புரோக்கரிடம் போக வர 40. விற்கும்போது எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) 0.025%, அதாவது 25. எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஜிஎஸ்டி, முத்திரைக் கட்டணம் சேர்த்தால் மொத்தம் 80 ரூபாய்க்கு மேல். ஸ்டாப்லாஸில் போவது 500 இல்லை, 580. டார்கெட்டில் வருவது 1000 இல்லை, 920. பேக்டெஸ்ட் இதைக் கழித்ததா?

பைத்தான்_பிரியன்
சார், இந்தக் கட்டம் கட்டும் வேலையெல்லாம் விளையாட்டு. பைத்தான் நிரல்மொழி கற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றரை_மணி
இதை நான் ஏற்கவில்லை, தம்பி. சிகாகோவின் டிரேடிங் டெக்னாலஜீஸ் நிறுவனம் ஏடிஎல் என்று ஒன்று வைத்திருக்கிறது. ப்ளாக்குகளை இழுத்துவைத்துக் கோடு போட்டு இணைத்து ஆல்கோ கட்டுவதுதான் அது. ஃபியூச்சர்ஸ் சந்தையில் தொழிலாகவே வர்த்தகம் செய்பவர்களுக்கான கருவி. மேலே சொன்ன நிலை–நிகழ்வு குழப்பம் பைத்தானிலும் அப்படியே வரும். அவர் பகல் முழுக்கக் கடையில் இருப்பவர். தன் விதியைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடிவது அவருக்குப் பெரிய வசதி.

விதிப்புத்தகம்
பதிவு பற்றி: செபியின் சுற்றறிக்கை 2025 பிப்ரவரி 4 தேதியிட்டது. எக்ஸ்சேஞ்ச் வகுத்த வரம்பு நொடிக்கு 10 ஆர்டர். தானே ஆல்கோ எழுதி ஏபிஐ (நிரல் நேரடியாகப் புரோக்கருக்கு ஆர்டர் அனுப்பும் இணைப்பு) வழியாக அனுப்புபவர் அதைத் தாண்டினால்தான் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் தளத்தின் வழியாகப் போவதால், அந்தத் தளம் எக்ஸ்சேஞ்சில் எம்பேனல் (அங்கீகாரப் பட்டியலில் சேர்ப்பு) ஆனதா, உங்கள் புரோக்கர் அதை அனுமதித்திருக்கிறாரா என்று பாருங்கள். 50 பங்குகளிலும் கேண்டில் ஒரே நொடியில்தான் முடியும். சந்தை மொத்தமாக ஏறும் காலையில் பத்துக்கு மேல் சிக்னல் ஒன்றாக வரலாம். அப்போது ஆர்டர்கள் எப்படிப் போகும் என்று புரோக்கரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஈரோடு_கணக்கர்
நன்றி அண்ணா. ஆர்எஸ்ஐயைக் "கடந்தால்" என்று மாற்றினேன், என்ட்ரிகள் நன்றாகக் குறைந்துவிட்டன. செலவைக் கழித்தால் லாபம் பாதிக்கும் கீழே. 2019 முதலான பேக்டெஸ்ட் மட்டும் இன்னும் அழகாகத் தெரிகிறது. நம்பலாமா?

மூன்றரை_மணி
எந்தப் பட்டியலை வைத்து ஓட்டினீர்கள்? இன்றைய நிஃப்டி 50 என்றால் நம்பாதீர்கள். யெஸ் வங்கி 2020 மார்ச்சில் அதிலிருந்து நீக்கப்பட்டது. 2019-ல் உங்கள் ஆல்கோ அதையும் வாங்கியிருக்கும். இன்றைய பட்டியலில் அது இல்லாததால் அந்த நஷ்டம் கணக்கிலேயே வராது. அந்தந்த ஆண்டுப் பட்டியலை எடுத்து ஓட்டுங்கள்.

இன்னொன்று, ஒரே கேண்டில் ஸ்டாப்லாஸையும் டார்கெட்டையும் தொட்டிருந்தால் எது முதலில் நடந்தது என்று 5 நிமிடத் தரவில் தெரியாது. அப்படிப்பட்ட டிரேடுகளைத் தனியே எடுத்து, எல்லாவற்றையும் நஷ்டமாக எழுதிப் பாருங்கள். அதற்கும் பிறகு லாபம் மிஞ்சினால் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று சிறிய அளவில் ஓட்டலாம். அந்த எண்களை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.