ரிசீவர் பயிற்சியாளர் தலைமைப் பொறுப்புக்குத் தகுதியானவரா? பிரையன் ஹார்ட்லைன் குறித்து ஒரு கேள்வி

கேள்வி (களப்பார்வை):
ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ரிசீவர்களைப் பயிற்றுவித்துவந்த பிரையன் ஹார்ட்லைன், 2025 டிசம்பரில் சவுத் ஃபுளோரிடா பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். ரிசீவர்களை, அதாவது வீசப்படும் பந்தை ஓடிப் பிடிக்கும் சில இளைஞர்களையே, பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் கவனித்தவரிடம் ஓர் அணி முழுவதையும் ஒப்படைப்பது சரிதானா என்பதை, இந்த ஆட்டத்தை நெடுநாள் பார்த்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் (நூறுயார்டு):
அவர் அடிமட்டத்திலிருந்து ஏறியவர் என்பதை முதலில் சொல்ல வேண்டும். மயாமி டால்ஃபின்ஸ் என்ற தொழில்முறை அணிக்காக 2012இல் ஒரே ஆட்டத்தில் 253 யார்டுகள் எடுத்த அவர், 2017இல் தாம் படித்த ஒஹாயோ ஸ்டேட்டுக்கே திரும்பியபோது, களத்தில் நேரடியாகப் பயிற்சியளிக்க அன்றைய விதிகள் இடம் தராத உதவிப் பணியில்தான் சேர்ந்தார். 2018இல் ரிசீவர் பயிற்சியாளர் பதவி திடீரெனக் காலியாகி, தற்காலிகமாக அவரிடம் வந்தது. அதன்பின் கேரட் வில்சன், கிறிஸ் ஒலாவே, ஜாக்சன் ஸ்மித்-இஞ்சிக்பா, மார்வின் ஹாரிசன் ஜூனியர், எமேக்கா எக்புகா என ஐந்து பேர் 2022 முதல் 2025 வரையிலான டிராஃப்டுகளில், அதாவது தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுகளில், முதல் சுற்றிலேயே தேர்வானார்கள்.

ஆனால் என்னை வியக்கவைத்தது இந்தப் பட்டியலன்று. 2022 ஜனவரி 1 அன்று நடந்த ரோஸ் பௌல் என்ற பருவ இறுதிச் சிறப்பு ஆட்டத்தில் வில்சனும் ஒலாவேயும் ஆடவில்லை. அன்று ஸ்மித்-இஞ்சிக்பா 15 பந்துகளைப் பிடித்து 347 யார்டுகள் எடுத்தார்; அதுவரை பலரும் அறியாத ஹாரிசன் பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்த்து 3 டச்டவுன் அடித்தார்; யூட்டா அணி 48-45 என வீழ்ந்தது. அடுத்த வரிசையை ஆயத்தமாக வைத்திருப்பதே ரிசீவர் பயிற்சியாளரின் உண்மையான வேலை என்று அன்றுதான் உணர்ந்தேன்.

பதில் (பழைய ரிசீவர்):
உள்ளூர்க் குழு ஒன்றில் சில காலம் ரிசீவராக ஆடியவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். பன்னிரண்டு யார்டு முழு வேகத்தில் ஓடிச் சட்டென்று நின்று திரும்பும்போது, இடுப்பைத் தாழ்த்தி வேகத்தை அடக்க வேண்டும். அதற்கு முன்பே நெஞ்சு நிமிர்ந்துவிட்டால், எதிரே பின்வாங்கிக்கொண்டிருக்கும் கார்னர்பேக், அதாவது ரிசீவரைத் தடுக்கும் எதிரணி வீரர், நாம் நிற்கப்போகிறோம் என்று கண்டுகொள்வார், பந்தும் அவர் கைக்குப் போய்விடும். எனக்கு இந்தப் பிழை ஒரு பருவம் முழுவதும் திருந்தவில்லை. இத்தகைய பிழையை ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரிடமும் சலிக்காமல் திருத்துகிறவரை நான் பெரிதும் மதிக்கிறேன். அத்தகையவரை அந்த இடத்திலிருந்து எடுத்துவிடுவது எனக்கு இழப்பாகவே படுகிறது.

பதில் (களப்பார்வை):
இருவருக்கும் நன்றி. 2024 பருவத்தில் ஒஹாயோ ஸ்டேட்டில் சிப் கெல்லி என்ற பயிற்சியாளர் தாக்குதலாட்டத்தை நடத்த, ஹார்ட்லைன் ரிசீவர்களுடனேயே இருந்தார். அந்த அணி 2025 ஜனவரியில் நோட்ர டேம் பல்கலைக்கழக அணியை 34-23 என வென்று தேசியப் பட்டம் பெற்றதை நினைத்தால், பழைய ரிசீவர் சொல்வதன் பக்கமே என் மனமும் சாய்கிறது. எனினும் பள்ளி மாணவர்களின் வீடு தேடிச் சென்று, பெற்றோரிடம் பேசி, அவர்களைக் கல்லூரிக்கு அழைத்துவருவதில் அவருக்கு இருந்த திறமை தலைமைப் பயிற்சியாளருக்கும் இன்றியமையாதது. புதிய இடத்தில் அவர் தம் ரிசீவர்களை யாரிடம் ஒப்படைக்கிறார் என்பதைத்தான் நான் முதலில் கவனிக்கப்போகிறேன்.