பனியன் கம்பெனி டிசிக்கு ரியாக்ட் எதற்கு?

நொய்யல்கரை: ஐந்து வருடம் முன்பு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு டிசி (சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலான்) போடும் மென்பொருளை ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் செய்து கொடுத்தேன். துணி நிட்டிங்கில் இருந்து சாயப்பட்டறை, அங்கிருந்து காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் அழுத்தும் வேலை) என்று போகும்போது ரோல் எண்ணிக்கை, எடை, டயா (துணியின் விட்ட அளவு) பதிய வேண்டும். அவ்வளவுதான். போன மாதம் வண்டி நம்பருக்கு ஒரு கட்டம் கூடுதலாகக் கேட்டார்கள். பழைய நிரலைப் புதுக் கணினியில் இறக்கினால் பில்டே (ஓடும் வடிவமாக மாற்றுவது) ஆகவில்லை. ஒரு பேக்கேஜை (பிறர் எழுதிய துணை நிரலை) ஏற்றினால் இன்னொன்று ஒத்துவரவில்லை. ஒரு கட்டத்துக்கு இரண்டு நாள்! மொத்தத்தையும் சர்வரில் ஓடும் பிஎச்பி, சாதாரண எச்டிஎம்எல் ஃபார்ம் என்று திரும்ப எழுதிவிட்டேன். இனி எனக்கு இதுதான்.

சரவணம்பட்டி: ஏனுங்க அண்ணா, ஐந்து வருடம் தொடாமல் விட்டால் எதுதான் ஓடும்? பிஎச்பியிலும் டேட்டாபேஸோடு பேசும் பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களை 2015-இல் பிஎச்பி 7 வந்தபோது எடுத்துவிட்டார்களே. அப்புறம், கட்டிங் மாஸ்டர் திரையை என்ன செய்வீர்கள்? நிறம் ஒரு பக்கம், சைஸ் ஒரு பக்கம். ஒரு கட்டத்தில் பீஸ் மாறினால் வரிசைக் கூட்டல், மொத்தம், தேவைப்படும் துணி எடை எல்லாம் உடனே மாற வேண்டும். ஜேக்வெரி என்ற பழைய ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் அதை எழுதி, எந்த எண்ணை யார் மாற்றுகிறார்கள் என்று பாதி ராத்திரி தேடியவன் நான். 2013-இல் வந்த ரியாக்ட்தான் அந்தத் தலைவலியைத் தீர்த்தது.

நொய்யல்கரை: பிஎச்பி பற்றிச் சொன்னது சரி தம்பி. ஆனால் அங்கே எது போனது, எதை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். 2016-இல் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி பேக்கேஜை ஒருவர் என்பிஎம் என்ற பேக்கேஜ் கிடங்கில் இருந்து எடுத்ததும் உலகம் முழுக்க பில்டுகள் நின்றன. அதைப் பெரும்பாலோர் நேரடியாகச் சேர்க்கவே இல்லை. அவர்கள் சேர்த்தது வேறொன்று, அதற்குள் இது இருந்தது. கட்டிங் மாஸ்டர் திரைக்கு நானும் ஜாவாஸ்கிரிப்ட் எழுதினேன், நூறு வரிக்குள். அந்த ஒரு திரைக்காக மற்ற எல்லாத் திரையையும் ஏன் கனமாக்க வேண்டும்? எடை விட்டுப்போனால் தடுக்க, ரிக்வயர்டு என்று ஒரு சொல் போட்டால் பிரவுசரே பார்த்துக்கொள்கிறதே.

குடோன்காரர்: நான் புரோகிராமர் இல்லைங்க, அவிநாசிப் பக்கம் துணி குடோன் பார்க்கிறேன். எங்களுக்கும் இப்படி எளிமையாக மாற்றிக் கொடுத்தார்கள். வேகமாகத் திறக்கிறது, அதில் குறை இல்லை. ஆனால் நாற்பது ரோல் எடை அடித்துவிட்டு சேவ் அழுத்தும்போது சிக்னல் போனால் அத்தனையும் போச்சு. பழையதில் அடித்தது அப்படியே நிற்கும்.

சரவணம்பட்டி: இதைத்தான் சொல்கிறேன் அண்ணா. இப்போது அதற்கு ஒன்று எழுதுவீர்கள், நாளை இன்னொன்றுக்கு. கடைசியில் நீங்களே ஒரு ரியாக்ட் எழுதி வைத்திருப்பீர்கள், உங்களுக்கு அடுத்து வரும் பையனுக்கு அது புரியாது.

நொய்யல்கரை: குடோன் அண்ணன் சொன்ன குறை நியாயம். நான் அதை யோசிக்கவில்லை. அடிக்க அடிக்க பிரவுசருக்குள்ளேயே இருக்கும் லோக்கல் ஸ்டோரேஜில் வைத்துக்கொண்டால் போதும், அதற்கு ரியாக்ட் வேண்டியதில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். எங்கள் கம்பெனி குடோனிலும் சிக்னல் மோசம். நாளைக் காலை ரோல் இறக்கும்போது கூடவே நின்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.