அவசரம்: மயாமி கப்பலைத் தவறவிட்டால் கீ வெஸ்ட்டில் ஏறலாமா?

தாமான்_தியாகு (மே 2022, வியாழன் இரவு)
வணக்கம். கேஎல்லில் (கோலாலம்பூர்) இருந்து மயாமி போய் அங்கே கரீபியன் கப்பல் ஏறுகிறோம். 2020-ல் ரத்தான பயணத்துக்குப் பணம் தராமல் கொடுத்த கிரெடிட், இந்த முறையும் விட்டால் காலாவதி. இப்போது விமானத்தை ஒரு நாள் தள்ளிவிட்டார்கள். ஞாயிறு மதியம் 2 மணிக்குத்தான் இறங்குவோம், கப்பல் 4 மணிக்கு. மறுநாள் கீ வெஸ்ட் (அதுவும் ஃபுளோரிடாதான்), அதற்கடுத்த நாள் கோசுமெல், பிறகு மயாமி. கீ வெஸ்ட்டில் ஏறிக்கொள்ளலாமா? விமானத்துக்கான கோவிட் டெஸ்ட் (ஆர்டிகே, உடனே முடிவு தருவது) நாளை காலை புக் செய்தாகிவிட்டது. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

பிறை_ராணி
எத்தனை பேர்? எந்த ஊர் வழியாக? ஒரே டிக்கெட்டா, இரண்டா? அமெரிக்க விசா கையில் இருக்கிறதா?

செந்தூல்காரன்
4 மணிக் கப்பல் என்றால் 3 மணிக்கு முன்பே ஏற்றுவதை நிறுத்திவிடுவார்கள். குடிநுழைவு வரிசை, பெட்டி, டாக்சி என்று நீங்கள் வெளியே வருவதற்குள் கப்பல் கிளம்பியிருக்கும். இன்சூரன்ஸ் எடுத்தீர்களா? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மூத்த_மாலுமி
தம்பி, கப்பல் பயணம் என்றால் முதல் நாளே போய் இறங்க வேண்டும். இந்தத் தளத்தில் வருடக்கணக்காக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் படிப்பதில்லை. கீ வெஸ்ட்டில் ஏற்ற மாட்டார்கள். அமெரிக்காவில் 1886-லேயே போட்ட சட்டம். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றியவரை இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கக்கூடாது. மீறினால் தலைக்கு இவ்வளவு என்று அபராதம்.

ஜாலான்_கணேஷ்
நடுவில் கோசுமெல் போகிறதே, அது மெக்சிகோதானே?

மூத்த_மாலுமி
கேட்பீர்கள் என்று தெரியும். சட்டம் கேட்பது தொலைதூர வெளிநாட்டுத் துறைமுகம். மெக்சிகோ, பஹாமாஸ், ஜமைக்கா எதுவும் அதில் சேராது. அரூபா, குராசாவ் தீவுகள் சேரும், அவை தென் அமெரிக்கக் கணக்கு.

பிறை_ராணி
அப்படியானால் கோசுமெல்லிலேயே ஏறலாமே? வெளிநாட்டில் ஏறி மயாமியில் இறங்குவதை அந்தச் சட்டம் தடுக்காது. ஆனால் கப்பல் நிறுவனம் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு பெயரைப் பட்டியலில் வைத்திருக்க வேண்டும். சும்மா போய்த் துறையில் நின்றால் நடக்காது. தியாகு, இன்றே அழையுங்கள். என் முதல் கேள்விகளுக்கும் பதில் சொல்லுங்கள்.

தாமான்_தியாகு
3 பேர். தோஹா வழி. ஏஜெண்ட் மாற்றியதில் இப்போது இரண்டு டிக்கெட். விசா இருக்கிறது, பழைய கடப்பிதழில். அம்மாவும் வருகிறார், அவருக்கு மார்ச்சில் கோவிட் வந்து போனது.

செந்தூல்காரன்
இதையெல்லாம் முதலிலேயே சொல்லியிருக்கலாம்!

பிறை_ராணி
சரி, கவனமாகப் படியுங்கள். இப்போதைய அமெரிக்க விதிப்படி, ஒரே டிக்கெட் என்றால் கோவிட் டெஸ்டை கேஎல்லில் கிளம்பும் விமானத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். தனித்தனி டிக்கெட் என்றால் தோஹாவில் இருந்து கிளம்பும் விமானத்துக்கு முந்தைய நாள் எடுத்திருக்க வேண்டும். உங்கள் தோஹா விமானம் ஞாயிறு காலை. ஆகவே நாளை எடுக்கும் ஆர்டிகே செல்லாது, சனிக்கிழமைக்கு மாற்றுங்கள். வீட்டில் தனியாக எடுத்ததும் செல்லாது.
அம்மாவுக்குப் பிசிஆர் வேண்டாம், குணமான பிறகும் பல வாரங்கள் பாசிட்டிவ் காட்டும். 90 நாளுக்குள் வந்த பாசிட்டிவ் முடிவும், பயணம் செய்யலாம் என்ற மருத்துவர் கடிதமும் இருந்தால் விமானத்துக்கு டெஸ்டே வேண்டாம். மைசெஜாத்ராவை (நம் மலேசிய கோவிட் செயலி) காட்டினால் மட்டும் போதாது. கப்பலுக்குத் தனி விதி இருக்கும், அதையும் கேளுங்கள்.
விசா உள்ள பழைய கடப்பிதழ், புதியது, இரண்டையும் கைப்பையில் வையுங்கள்.

ஜாலான்_கணேஷ்
24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்றல்லவா என் மச்சான் சொன்னார்?

மூத்த_மாலுமி
மச்சான் சொன்னாராம். 24 மணி நேரம் இல்லை, ஒரு நாள். விமானம் ஞாயிறு இரவே கிளம்பினாலும் சனிக்கிழமை காலையில் எடுத்தது செல்லும்.

பட்டர்வொர்த்_பாபு
இவ்வளவு அவதி எதற்கு? பினாங்கு சுவெட்டன்ஹாம் துறையிலேயே கப்பல் வரும், இறங்கினால் நாசி கண்டார் சோறு. ஏஜெண்டை நம்பிப் போனால் இப்படித்தான்.

செந்தூல்காரன்
ஏஜெண்டைக் குறை சொல்லாதீர்கள். கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை சமயத்தில் எங்கள் உம்ரா பணத்தைத் திருப்பி வாங்கித் தந்ததே ஏஜெண்ட்தான்.

பட்டர்வொர்த்_பாபு
உங்களுக்குக் கிடைத்தது. எனக்கு வவுச்சர், அதையும் பள்ளி விடுமுறையில் பயன்படுத்தக்கூடாதாம்.

செந்தூல்காரன்
வவுச்சர் கொடுத்தது விமான நிறுவனமா ஏஜெண்டா? அதைச் சொல்லாமல் பேசினால் எப்படி?

பிறை_ராணி
அண்ணன்களே, அதைத் தனியாகப் பேசலாமே. தியாகு, கோசுமெல்லுக்கு வழி: மயாமியில் இருந்து கான்கூனுக்கு விமானம், அப்புறம் பிளாயா டெல் கார்மென் போய் ஃபெரி. அமெரிக்க விசா செல்லுபடியாக இருந்தால் மெக்சிகோவில் தனி விசா கேட்க மாட்டார்கள். கப்பலில் திரும்புவது மறுபடி அமெரிக்காவுக்குள் நுழைவதுதான், அதனால் பல நுழைவு விசாவா என்று ஒருமுறை பாருங்கள். கப்பல் நிறுவனம் என்ன சொன்னது?

ஜாலான்_கணேஷ் (திங்கள்)
தியாகு, என்ன ஆச்சு?

தாமான்_தியாகு (புதன், முதல் பதிவுக்கு 6 நாள் கழித்து)
கோசுமெல்லில் ஏறிவிட்டோம். எழுத்தில் அனுமதி கேட்டு வாங்கினோம். ஒரு பெட்டி இன்னும் தோஹாவில். கப்பல் வைஃபை கொள்ளை விலை, அதனால் சுருக்கமாக. நன்றி ராணி அக்கா.

மூத்த_மாலுமி
பெட்டி வரவில்லை என்று விமான நிலையத்திலேயே எழுதிக் கொடுத்து எண் வாங்கினீர்களா?

கிள்ளான்_மல்லிகா
எனக்கும் ஒரு சந்தேகம். எங்கள் கப்பல் ஃபோர்ட் லாடர்டேலில் இருந்து கிளம்புகிறது, விமான டிக்கெட் மயாமிக்கு. பரவாயில்லையா?

பிறை_ராணி
அரை மணி, முக்கால் மணி நேரக் கார் பயணம்தான். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள்?