முதலாண்டுப் பெண்களுக்கு டிஏ-வாக இருந்தவர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்

அடுத்த செமஸ்டரில் அறிவியல், இன்ஜினியரிங் சேரும் முதலாண்டுப் பெண்களுக்கு டிஏ (டீச்சிங் அசிஸ்டென்ட்) வேலை, அதாவது பேராசிரியருக்கு உதவியாக வகுப்பையும் லேபையும் பார்த்துக்கொள்ளும் வேலை, எனக்குக் கிடைத்திருக்கிறது. இதைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அறிவுரை வேண்டாம், உங்களுக்கு நடந்ததைச் சொன்னால் போதும்.

மெக்கானிக்கல் பிஎச்.டி., அமெரிக்கா

நான் இரண்டு வருடம் பார்த்தேன். வாரம் 20 மணி நேரம். எஃப்-1 விசாவில் செமஸ்டர் நடக்கும்போது அதற்கு மேல் வேலை பார்க்கவும் முடியாது. எனக்குக் கொடுத்தது 'ஸ்பேஷியல்' வகுப்பு. ஒரு பொருளை மனதுக்குள்ளேயே திருப்பிப் பார்க்கும் பயிற்சி.

கேட்டதும் சிரிப்பு வந்தது. ஊரில் முதல் வருடமே ஈஜியில் (இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ், வரைபடப் பாடம்) அரியர் வைத்தவள் நான். ட்ராஃப்டர் என்ற வரைகருவியும் சார்ட் ரோலுமாகப் பஸ்ஸில் போனதெல்லாம் வெறும் பந்தா. கூம்பைச் சாய்வாக வெட்டினால் என்ன வடிவம் வரும் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். அரியர் எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டலில் ஒரு சீனியர் அக்கா குளியல் சோப்பை அறுகோணமாகச் செதுக்கி, பிளேடால் சாய்வாக வெட்டி என் கையில் வைத்தார். அன்றைக்குத்தான் புரிந்தது.

இந்தப் பயிற்சியை வளர்த்தவர் ஷெரில் சோர்பி. அவரும் அமெரிக்காவின் மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்தபோது மற்ற பாடங்களில் நல்ல மார்க் வாங்கிக்கொண்டு டிராயிங்கில் மட்டும் திணறியவர். பிறகு அங்கேயே ஆசிரியராகி, 1993-இல் முதலாண்டு மாணவர்களுக்காக இதை ஆரம்பித்தார். முதலில் ஒரு தேர்வு: 20 நிமிடத்தில் 30 கேள்வி, எல்லாம் பொருளைச் சுழற்றிப் பார்ப்பதுதான். 60 சதவீதமோ அதற்குக் கீழோ எடுத்தால் பயிற்சி. அப்படி எடுத்தவர்களில் பெண்கள் விகிதத்துக்கு மீறி இருந்தார்கள். ஆனால் சில வாரப் பயிற்சியிலேயே மார்க் ஏறியது. இது பிறவியிலேயே வரும் வரம் ஒன்றும் இல்லை. லெகோ, ஸ்குரூ டிரைவர் என்று சின்ன வயதில் கை எதைத் தொட்டது என்பதற்கும் இதில் பங்கு உண்டு.

வகுப்பு தொடங்குமுன் நானும் அந்தத் தேர்வை எழுதிப் பார்த்தேன். 19. ஒரே ஒரு மார்க்கில் தப்பித்தேன். முதல் நாளே அதையும் அரியரையும் சொல்லிவிட்டேன். நம்மூர்க் கல்லூரியில் ஒரு மேடம் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்றோடொன்று கிளிக் கிளிக் என்று மாட்டும் பிளாஸ்டிக் கட்டைகளில் ஆறு கொடுத்து, ஒரு வடிவம் செய்து, புள்ளித்தாளில் ஐசோமெட்ரிக் (மூன்று பக்கமும் தெரிகிற மாதிரியான படம்) வரையச் சொல்வோம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே யாராவது போனால் அந்தப் பெண் ஸ்வெட்டர் கையை இழுத்துக் கட்டைகளை மூடிக்கொள்வாள். சின்னப் பிள்ளை விளையாட்டு என்று கூச்சம். நான் செய்த தப்பு, அவள் தடுமாறும்போதெல்லாம் பென்சிலை வாங்கி நானே வரைந்து காட்டியது. மூன்றாவது வாரம் அவளே சொன்னாள்: "நீங்கள் வரையும்போது புரிகிறது. நீங்கள் எழுந்து போனதும் அதுவும் போய்விடுகிறது."

அதன் பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பேன். கஷ்டமாகத்தான் இருந்தது, கை பரபரக்கும். கூம்பு வெட்டுப் பாடத்துக்கு ஒரு தடித்த காரட்டோடு போனேன். சாய்வாக வெட்டினால் நீள்வட்டம், பக்கத்துக்கு இணையாக வெட்டினால் பரவளையம். வெட்டியது அவள். வெட்டிய முகத்தை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு துண்டைக் கடித்துக்கொண்டே வரைந்தாள். அன்றைக்குக் கதவுப் பக்கம் திரும்பவே இல்லை.

கெமிஸ்ட்ரி பிஎச்.டி., ஒரு ஐஐடி

இங்கே ஸ்டைபெண்டோடு சேர்ந்தே வருகிறது இந்த வேலை, வாரம் எட்டு மணி நேரம். பெண்களுக்கென்று தனி வகுப்பு இல்லை. ஆனால் லேபில் பெண் டிஏ நான் ஒருத்திதான் என்பதால் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள்.

ஒருத்தி பியூரெட்டை (சொட்டுச் சொட்டாகத் திரவம் விடும் அளவுக் குழாய்) பிடித்தபடியே கேட்டாள்: "அக்கா, நான் எக்ஸ்ட்ரா சீட்டில் வந்தவள், எனக்கு இதெல்லாம் வராதாமே?" சொன்னது அவள் பேட்ச் பையன். 2018-இல் ஐஐடிகளில் பெண்களுக்கு இடம் கூட்டினார்கள். முதலில் 14 சதவீதம், 2020-க்குள் 20 என்று இலக்கு. கூடுதல் இடம் என்றால் இருக்கிற இடத்துக்கு மேலே சேர்த்த இடம், யாருடைய சீட்டும் போகவில்லை. ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதி ரேங்க் லிஸ்டில் வந்தால்தான் அந்த இடமும். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன், பெரிதாகக் கேட்ட மாதிரி தெரியவில்லை. சரி, டைட்ரேஷனைப் பார் என்று விட்டுவிட்டேன். சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் லேசாக மாறியதுமே நிறுத்த வேண்டிய சோதனை அது. மூன்று தடவையும் 10.2 மில்லி. ஃபிளாஸ்கில் நிறம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு வெளிர் பிங்க். பக்கத்து டேபிளில் அந்தப் பையன் ஃபிளாஸ்கில் ரோஸ்மில்க்.

எலக்ட்ரிக்கல் பிஎச்.டி. (ஆண்தான், பரவாயில்லையா?)

நான் பண்ணின சொதப்பலைச் சொல்கிறேன். லேபில் ஆறு பெண்கள், ஆறு குழு. நியாயமாகப் பிரிக்கிறேன் பேர்வழி என்று குழுவுக்கு ஒருத்தராகப் போட்டேன். நாலாவது வாரம் பார்த்தால் ஆறு பேர் கையிலும் நோட்டு. சர்க்யூட் மாட்டும் பிரெட்போர்டும், மின் அலையை அளக்கும் ஆசிலோஸ்கோப்பின் புரோபும் பையன்கள் கையில். யாரும் பிடுங்கவில்லை, தானாக அப்படி ஆகிவிட்டது. பிறகு கலைத்துவிட்டு இரண்டிரண்டு பேராகச் சேர்த்தேன், வயரிங், அளவு, எழுத்து மூன்றும் வாரம் மாறி வரும் என்று ரூல் போட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் 2017-இல் வந்த ஓர் ஆய்வைப் படித்தேன். மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு இன்ஜினியரிங் பெண்கள் 150 பேர். வழிகாட்டியாகச் சிலருக்குப் பெண் சீனியர், சிலருக்கு ஆண் சீனியர், சிலருக்கு யாரும் இல்லை. வருட முடிவில் பெண் சீனியர் இருந்தவர்களில் ஒருவர்கூடத் துறையை விட்டுப் போகவில்லை. யாரும் இல்லாதவர்களில் 11 சதவீதம் போனார்கள், ஆண் சீனியர் இருந்தவர்களில் 18. எனக்குச் சுருக்கென்றது. அந்த ஆய்வோடு சண்டைக்குப் போகாமல், நாலாம் ஆண்டு மாணவி ஒருவரை வியாழக்கிழமை லேபுக்கு வந்து உட்காரச் சொன்னேன். கேள்விகள் அவரிடம்தான் போயின. எனக்கு வயர் சுருட்டும் வேலை.

கேள்வி கேட்டவள்

நன்றி. காரட் வாங்கி வைக்கிறேன். ஒன்றே ஒன்று: யாராவது அழுதால் என்ன செய்வீர்கள்?

மெக்கானிக்கல் பிஎச்.டி., அமெரிக்கா

முதல் மிட்டெர்ம் மார்க் வந்த வாரம் கட்டாயம் நடக்கும். டிஷ்யூ பெட்டி மேஜையில் இருக்கட்டும். "பரவாயில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள், அவர்களுக்கு அது பெரிய விஷயம். அழுது முடியும் வரை சும்மா இருந்துவிட்டு, பேப்பரைத் திறந்து மார்க் எங்கே எங்கே போனது என்று சேர்ந்து எண்ணுங்கள். என்னிடம் வந்த ஒருத்திக்கு 11 மார்க், விடைக்குப் பக்கத்தில் யூனிட் (மீட்டர், கிலோ மாதிரி) எழுதாததில் மட்டுமே போயிருந்தது.

அப்புறம், வகுப்புக்குக் கத்தி கொண்டுபோகலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது வருடம் எனக்குக் கூடாது என்றுவிட்டார்கள். பிளாஸ்டிக் கத்தியில் காரட் வெட்டுப்படாது, உருளைக்கிழங்கை வேகவைத்து எடுத்துப் போங்கள்.