ஊவா மலையில் பைனஸ்: வெட்டுறதா, விடுறதா?

மலைமுகடு:
இலங்கை ஊவா மலையில், பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் பைனஸ் (ஊசியிலை மரம்) தோட்டத்துக்குள்ள குருவிச் சத்தம் கேட்கிறதே அபூர்வம். தின்னப் பழமில்லை, குடிக்கத் தேனில்லை. பிசின் பிடிச்ச ஊசியிலை சீக்கிரம் மக்காது. மேல விழுற நாட்டு விதை மண்ணைத் தொடாமலே காய்ஞ்சிடும். மொத்தமா வெட்டி நாட்டு மரம் நடணும்.

ஊவாக்காற்று:
மொத்தமாவா? வெட்டின மரத்தின் வேர் மெல்ல உளுத்து, சில வருசத்தில் மண்ணைப் பிடிக்கிற பலத்தை இழக்கும். அதுக்குள்ள புதுக் கன்று வேர் ஆழம் போயிருக்காது. அந்த இடைவெளியில் ஒரு ஐப்பசி அடைமழை வந்தால் மண்சரிவு கீழே இருக்கிற லயத்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) மேலதான் இறங்கும். சிங்கராஜ மழைக்காட்டு ஓரத்தில் பைனஸ் 3 வரிசையை மட்டும் எடுத்து இடையில் நாட்டு மரம் நட்டாங்க. வெட்டாத நிழலில் நட்டதைவிட நல்லா வளர்ந்தது.

மலைமுகடு:
சிங்கராஜ மழை எங்கே, ஊவா ஆடிக்காத்து எங்கே! இங்க சருகு தீப்பிடிச்சால் தடிச்ச பட்டையால பைனஸ் தப்பும், நீங்க நட்ட கன்று கருகும்.

ஊவாக்காற்று:
அது நடுற முறையைப் பொறுத்தது. வரிசையைச் சரிவுக்குக் குறுக்கே எடுங்க. மேலிருந்து கீழே எடுத்தால் மழைத்தண்ணிக்கு நீங்களே கான் (வடிகால்) வெட்டிக் கொடுத்த மாதிரி. அடிக்கட்டையைத் தோண்டாதீங்க. ஒன்றரை அடிக் குழி, சுற்றிலும் 3 அடிக்கு மண் தெரியிற வரை சருகு வாரணும். வாரின சருகைக் கன்றுக்குப் பக்கத்திலேயே குவிக்கிறாங்க, அந்தக் குவியல்தான் முதலில் எரியும். ஐப்பசி மழை பிடிச்சதும் நடணும். தை பிறந்து நட்டால் வேர் பிடிக்க மழை மிஞ்சாது. வைகாசிக்குள்ள தீப்பாதை (தீ தாண்டாத வெறும் மண் பட்டை) செதுக்கி முடிக்கணும்.

பத்தனைப்புல்:
மன்னிக்கணும், எந்த நிலம்னு ரெண்டு பேரும் கேட்கவே இல்லையே. 1970களிலிருந்து பைனஸ் நட்டதில் கைவிட்ட தேயிலை மலையும் உண்டு, மானாப்புல் பத்தனையும் (மலைப் புல்வெளி) உண்டு. பழைய கான் தடம், தேயிலைத் தூர் தெரிஞ்சால் ஊவாக்காற்று சொல்றது சரி. பத்தனையா இருந்தால் அங்க ஏன் காடு? புல்லைவிட பைனஸ் அதிகம் தண்ணி குடிக்கும், கீழே ஓடை மெலியும். சரிவு நிதானமான இடத்தில் மரத்தைப் படிப்படியா எடுத்துப் புல்லை வரவிடுங்க. தாழ்ந்த பக்கம் நெல்லி, கடுக்காய், தான்றி, வேங்கை அங்கங்கே நின்றால் போதும்.

மலைமுகடு:
அந்தப் புல்லும் வருசா வருசம் எரியுதே?

பத்தனைப்புல்:
எரியட்டும்னு சொல்லலை. ஆனால் மானா தூரிலிருந்து திரும்பத் தளிர்க்கும், நெல்லியும் கடுக்காயும் தரைத்தீயைத் தாங்கும். மழைக்கு முன்னால ஆடு மாட்டுக்காகத் திரும்பத் திரும்பக் கொளுத்துறதுதான் பிரச்சினை; மூடாத மண்ணை முதல் மழையே கழுவிடும். அதை நிறுத்த வழியில்லாத மலையில் பைனஸை இப்போதைக்குத் தொடாதீங்க.