இறையிலிக் கொடையா, நேர்க்கொடையா?

எடிசன், நியூ ஜெர்சி:
ஞாயிறன்று அச்சுக்குப் போகவேண்டும். எங்கள் சங்கத்து மூத்தோருக்கான வரிக் கையேட்டில் ஒரு சொல் மட்டும் இடிக்கிறது. 70½ வயது கடந்தவர் தம் ஐ.ஆர்.ஏ. என்னும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கின் பணத்தைக் கையில் வாங்காமல் அறநிறுவனத்துக்கே அனுப்பச் சொன்னால், ஃபெடரல் (அமெரிக்க நடுவண் அரசின்) வரிக் கணக்கில் அது வருமானமாகச் சேராது. 2025இல் ஆளுக்கு 1,08,000 டாலர் வரை. இதை ஆங்கிலத்தில் கியூ.சி.டி. (Qualified Charitable Distribution) என்பார்கள். அதைத் தமிழில் 'தகுதிபெற்ற அறப்பகிர்மானம்' என்று எழுதியிருந்தேன். அம்மா அந்த வரியில் விரலை வைத்து, "யாருக்குத் தகுதி? எனக்கா, கோயிலுக்கா?" என்றார்.

தஞ்சாவூர்:
சொல் கல்வெட்டிலேயே இருக்கிறதே, தம்பி. வரி நீக்கிக் கொடுத்த நிலம் இறையிலி. கோயிலுக்கு விட்ட தேவதானம், சமண, பௌத்தப் பள்ளிக்கு விட்ட பள்ளிச்சந்தம் எல்லாம் அந்த வகை. ஊர்ச்சபை பொன்னை மொத்தமாக வாங்கிக்கொண்டு, நிலத்தை இறையிலியாக்கி, வரியைத் தானே ஏற்றுக்கொண்டதும் உண்டு. 'இறையிலிக் கொடை' என்றே போடுங்கள்.

சிகாகோ:
ஐயா, இறை என்றால் இன்று கடவுள். இறையிலி என்றால் எங்கள் பெரியவர்கள் நாத்திகம் என்றுதான் படிப்பார்கள். வங்கிக்குப் போன் போட்டுச் சொல்லவேண்டிய சொல் கியூ.சி.டி.; அதையே வைக்கலாம். எங்கள் இல்லினாயில் ஐ.ஆர்.ஏ. ஓய்வுப் பணத்துக்கே மாநில வரி இல்லை. கையேடு அங்கே எளிது.

எடிசன்:
இங்கே எளிதில்லை, அக்கா. எனக்கு உறுத்துவதும் அதுதான். நியூ ஜெர்சி ஃபெடரல் தொகையை எடுத்துக்கொள்வதில்லை, வருமானத்தைத் தன் வழியில் கூட்டுகிறது. இந்தக் கொடைக்கென்று அதில் விலக்கு இல்லை. கணக்கில் போடும்போதே மாநில வரி கட்டிய பங்கு வரியின்றி வெளிவரும், மற்றது வருமானம்தான். 62 வயதானவர்க்கு ஓய்வூதிய விலக்கு உண்டு என்றாலும், மொத்த வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டினால் அதுவும் போச்சு. 'இறையிலி' என்று அச்சிட்டால் ஒரு பெரியவர் அதை நம்பி மாநிலப் படிவத்தில் தொகையை விட்டுவிடுவார். பெயரே பொய் சொல்லக்கூடாது.

மதுரை:
அப்படியானால் வரியை விட்டுவிட்டுச் செயலைச் சொல்லுங்கள். 'இறைவற்கு இறையொருங்கு நேர்வது நாடு' என்கிறது குறள். அங்கே இறை வரி, நேர்தல் கொடுத்தல். நேர்த்திக்கடனும் அந்த வேரில் வந்ததுதான். பணம் இடையில் யார் கையிலும் தங்காமல் நேரே போகிறது என்பதும் சேர்ந்துவிடும். 'நேர்க்கொடை'.

தஞ்சாவூர்:
கையால் காசோலை எழுதி உண்டியலில் போடுவதும் நேர்க்கொடைதானே? கணக்கு என்ற சொல்லே இல்லாமல் இது நிற்காது.

சிகாகோ:
'ஓய்வுக்கணக்கு நேர்க்கொடை' என்றால்? நீளம்தான். அம்மாவுக்குப் புரியும்.

எடிசன்:
அதையே போடுகிறேன், பக்கத்தில் கியூ.சி.டி. என்றும். கீழே தடித்த எழுத்தில் இரண்டு வரி: 'மாநில வரி தனி, நியூ ஜெர்சிக்காரர் கேட்டுச் செய்க. காசோலை அமெரிக்க அறநிறுவனத்தின் பெயரில் இருக்கவேண்டும். இந்தியாவிலுள்ள ஊர்க் கோயிலுக்கு நேரே அனுப்பினால் செல்லாது.'

தஞ்சாவூர்:
அச்சிடுங்கள். இறையிலிதான் சொல் என்பதில் நான் மாறவில்லை. 'ஃபெடரல் இறையிலி' என்று அடைகொடுத்தால் பொய்யும் இல்லை. அடுத்த பதிப்புக்கு மறுபடி எழுதுவேன்.