கிளாஸ்கோ, 1993: இரண்டு பையன்களின் காதல் கதைக்குத் தகவல் வேண்டும்

கேள்வி: ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரின் கிழக்குப் பகுதியில் நடக்கும் சிறுகதை எழுதுகிறேன். பதினேழு வயதுப் பையன்கள். ஒருவன் கத்தோலிக்கன், மற்றவன் புராட்டஸ்டண்ட். ஒரே தெருவில் இருந்தும் பழக்கமில்லை என்றால் நம்புவார்களா? சட்டத்துக்கும் பயப்பட வேண்டியிருந்ததா?

பதில் 1: தாராளமாக நம்புவார்கள். 1918 கல்விச் சட்டத்தின்படி கத்தோலிக்கப் பள்ளிகள் அரசுச் செலவில், ஆனால் தனியாகவே நடக்கின்றன. ஒரே மாடிப்படியில் இறங்கும் இருவர் வெவ்வேறு சீருடையில் வெவ்வேறு பக்கம் போவார்கள். அங்கே "எந்தப் பள்ளி?" என்பது நம் ஊரில் "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று கேட்பது மாதிரி. பச்சைக் கழுத்துத்துணியா, நீலமா என்பதிலேயே செல்டிக்கா ரேஞ்சர்ஸா என்ற கால்பந்துக் குழு மட்டுமல்ல, மதமும் தெரிந்துவிடும். தயவுசெய்து ரோமியோ ஜூலியட் வேண்டாம். அப்பாக்களை எழுதுங்கள். அந்தக் கிழக்குப் பகுதியிலிருந்த பார்க்ஹெட் இரும்பாலை மூடப்பட்டது. அந்த இடத்தில் 1988-இல் வணிக வளாகம் வந்தது. வேலை போன அப்பனுக்கு மிஞ்சியது "ஆம்பளை" என்ற பட்டம்தான். மகன் அதைத்தான் தொடுகிறான்.

பதில் 2: சட்டமும் உண்டு. ஸ்காட்லாந்தில் ஆணும் ஆணும் உறவு கொள்வதற்கு இருந்த தடையை நீக்க 1980-இல்தான் சட்டம் வந்தது, அதுவும் 21 வயது நிறைந்தவர்களுக்கு. 1994-இல் அது 18 ஆயிற்று. உங்கள் பையன்கள் இருவருமே குற்றவாளிகள்.

கேட்டவர்: நன்றி. அப்படியானால் காவலரை விட்டுவிட்டு அப்பாவிடம் மாட்ட வைக்கலாமா?

பதில் 1: அண்ணனிடம். அப்பாவுக்கு அவன் சொல்வதா வேண்டாமா என்பதில் நான்கு பக்கம் ஓடும்.